லைனுக்குப் பத்து மாத்திரை

ஷூ கம்பெனியின் முதலுதவி அறைக்கு வேலைக்கு வரும் நர்ஸுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். "எந்த செக்‌ஷன்?" கட்டிங் என்றால் விரல் வெட்டு. மிஷின் என்றால் நகத்தில் ஊசி. ஒட்டுகிற மேஜை என்றால் சொல்யூஷன் வாசனையால் தலைவலி. தோலை ஒட்டும் பசைக்கு எங்கள் பக்கத்தில் சொல்யூஷன் என்று பெயர். ஆள் வந்து ஸ்டூலில் உட்காருவதற்குள் பாதி நோய் நமக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆம்பூர்ப் பக்கம் மூன்று கம்பெனிகளில் இருபத்தேழு வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். போன வருஷம் ஓய்வு பெறும்வரை இந்தச் சாமர்த்தியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நீங்கள் நான்கு பேரும் இந்த மாதம்தான் நான்கு கம்பெனிகளில் சேர்ந்திருக்கிறீர்கள். அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நான் செய்த நல்ல காரியங்களை எழுதினால் இரண்டாவது பக்கத்தில் கொட்டாவி விடுவீர்கள், எனக்கே வரும். அதனால் ஒரு தப்பை எழுதுகிறேன். ஒரு பெண்ணின் வேலையும் உயிரும் அந்தத் தப்பில் மாட்டிக்கொண்டு ஊசலாடின. கட்டுப் போடுவது எப்படி, ஊசி போடுவது எப்படி என்பதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், அதை விட்டுவிடுவோம்.

நான் நர்ஸிங் படித்தது வேலூரில். மருந்தியல் எடுத்த அம்மையாருக்குக் குரல் சின்னது, ஆனால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவளையும் எழுப்பிவிடும் பார்வை. ஆட்டகாய்டுகள் என்ற பாடத்தை அவர் நடத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. "ஹார்மோன் ஜோலார்பேட்டையில ரயில் ஏறி எங்கேயோ தூரத்து ஊர்ல இறங்கி வேலை பார்க்குற ஆள். ஆட்டகாய்டு சொந்தத் தெருவைத் தாண்டாத ஆள்" என்றார். சுரந்த இடத்திலேயே வேலை, வேலை முடிந்தால் சற்று நேரத்தில் அங்கேயே காலி. கொசு கடித்த இடத்தில் தடிப்பை எழுப்பும் ஹிஸ்டமின் அந்த ரகம். மாதவிலக்கு நாளில் கருப்பையைப் பிசைந்து வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினும் அந்த ரகம்.

வலி மாத்திரை வலியைத் தொடுவதே இல்லை, புரோஸ்டாகிளாண்டின் தயாராகும் பட்டறையை மூடுகிறது, அவ்வளவுதான் என்பார் அந்த அம்மையார். மூடினால் எல்லாத் தெருவிலும் மூடும். வயிற்று வலிக்காக மட்டும் மூடு என்று மாத்திரைக்குச் சொல்லி அனுப்ப முடியாது. இரைப்பையில் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் உள்சுவரைக் காக்கிறது. மூச்சுக்குழலில் லூக்கோட்ரையீன் என்ற இன்னொரு பொருளை அடக்கி வைக்கிறது. சில பேருக்கு அந்த அடக்கம் போனால் லூக்கோட்ரையீன் பெருகி மூச்சுக்குழல் இறுகிவிடும். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது, பத்துக்கு ஒன்பது வாங்கினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சுரைக்காய் மீது ஒரு குற்றமும் இல்லை, அதை அடுப்பில் ஏற்றாமல் இருபது வருஷம் வைத்திருந்தவள் நான்.

நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியில் ஐந்நூறு பெண்களுக்கு மேல். பெண்கள் இருக்கும் இடத்தில் மாதவிலக்கு வலி இருக்கும். காலை பத்து மணிக்கு என் அறை வாசலில் அந்த வலிக்காகவே வரிசை நிற்கும். லைனில் ஒரு மிஷின் நின்றால் அடுத்த மிஷினுக்குத் தோல் போகாது, மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதிய எண்ணிக்கை குறையும். புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருநாள் வந்து, என் அறைக்கு வந்து திரும்புவதற்குள் ஆளுக்கு அரை மணி போய்விடுகிறது, ஏதாவது வழி பண்ணுங்கள் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழி பண்ணினேன். வாரத்துக்கு ஒரு அட்டை, அதாவது பத்து வலி மாத்திரை, ஒவ்வொரு லைன் லீடர் கையிலும் கொடுத்துவிட்டேன். வலி என்று சொல்கிறவளுக்கு மிஷின் பக்கத்திலேயே மாத்திரையும் தண்ணீரும் கிடைக்கும். ரிஜிஸ்டரில் "லைன் 3, வயிற்று வலி, 10" என்று ஒரு வரி எழுதினால் என் வேலை முடிந்தது. வாரத்தில் இரண்டு நாள் வரும் கம்பெனி டாக்டர், மாத்திரையை நானே, ஆளைப் பார்த்து, பெயர் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவரிடம் இதைச் சொல்லவில்லை. வரிசை ஒரே வாரத்தில் கரைந்தது. சிஸ்டருக்கு மேனேஜ்மென்ட் மூளை என்று மேனேஜர் நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்கு அது வெல்லமாக இனித்தது.

மூன்றாவது லைனின் லீடர் பர்வீன். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. தன் லைன் பெண்களுக்கு ஒன்று என்றால் டார்கெட்டையும் மறந்துவிட்டு ஓடுவாள். அந்த லைனில் மிஷின் ஓட்டியவள் அம்சவேணி, முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயது இருக்கும். ஷூவின் மேல்பாகத்துக்கு அவள் போடும் தையல் வளையாது, நூல் பிசிறாது. புது மாடலுக்கு வெளிநாட்டுக்காரர்களிடம் காட்டும் முதல் ஜோடியை அவளிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். மூட்டை தூக்கி முதுகு போன கணவர் வீட்டில். அவள் வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் மதியம் அவளை மூச்சிரைப்போடு அழைத்து வந்தார்கள். வழக்கம்போல "எந்த செக்‌ஷன்?" என்றேன். மூன்றாவது லைன், ஒட்டுகிற மேஜைக்குப் பக்கத்து மிஷின் என்றாள் பர்வீன். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. நெபுலைசர் மாட்டினேன், ஒரு மணி நேரத்தில் சரியானாள். சொல்யூஷன் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினேன். மேஜையைவிட்டுத் தள்ளி, லைனின் மறுகோடியில் ஒரு மிஷினுக்கு அவளை மாற்றினார்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் வந்தாள். இந்த முறை இரைப்பு கொஞ்சம் அதிகம். மறுகோடி வரை சொல்யூஷன் வாசனை வருகிறதா என்று கேட்டேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வாசனயே தெரியாது சிஸ்டர். ரெண்டு வருஷமா எதுவும் தெரியல. குழம்பு அடிபுடிச்சா கூட வீட்ல கத்துனா தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் சிரித்தேன். "ஆம்பூர்ல இருந்துக்கிட்டு வாசனை தெரியலன்னா நீ குடுத்து வச்சவ" என்றேன். தோல் ஷெட் பக்கம் காற்றடிக்கும் நாளில் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற நையாண்டிதான். அவளும் சிரித்தாள். ஒரு நோயாளி தன் வியாதியின் பாதியை என் மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறாள், நான் அதைத் தமாஷாக்கித் திருப்பி அனுப்பிவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது தடவைக்குப் பிறகு அவளை மிஷினிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஜன்னல் ஓரத்தில், காற்றாடிக்குக் கீழே, தைத்து முடித்த தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கிற மேஜை. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை அது. அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிட்டாள் என்று பர்வீன் வந்து வருத்தப்பட்டாள். ஹெச்.ஆர். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, இனியும் வந்தால் மாற்றுவதற்குக் கம்பெனியில் இடம் இல்லை என்றார். அது மிரட்டல் இல்லை, உண்மையைத்தான் சொன்னார்.

மூன்றாவது தடவை அடுத்த மாதமே வந்தது. அன்று காலை பத்து மணிக்கு அவள் தானாகவே என் அறைக்கு நடந்து வந்தாள். பர்வீனிடம் இருந்த அட்டை தீர்ந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன், தலையாட்டினாள். கையில் மாத்திரையை வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, போய்விட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் பர்வீனும் இன்னொரு பெண்ணும் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். முகம் செக்கச் சிவந்திருந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டியது. ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் பேச முடிந்தது. ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவி எண்பத்தாறு காட்டியது. அவளை நிமிர்த்தி உட்கார வைத்து ஆக்ஸிஜனும் நெபுலைசரும் கொடுத்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். டாக்டர் வரும் நாள் அன்று இல்லை. அவருக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நெபுலைசர் ஒரு ரவுண்டு முடிந்தும் எண் மூன்று புள்ளிதான் ஏறியிருந்தது.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், மனசு மட்டும் ஒரே சந்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். என் மனசு முட்டிக்கொண்டு நின்ற சந்து சொல்யூஷன். ஜன்னல் சாத்தியிருந்ததா, காற்றாடி ஓடவில்லையா, யாராவது டப்பாவைக் கொட்டிவிட்டார்களா என்று அதையேதான் பர்வீனிடம் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது, இன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் ஒட்டவே இல்லை என்றாள் அவள்.

அம்சவேணி ஒரு கையால் ஸ்டூலையும் இன்னொரு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பர்வீன் அதைப் பார்த்தாள். நான் காலையில் மூடாமல் மேஜையில் விட்டிருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள்.

"வலி ஜாஸ்தியா இருக்குது போல சிஸ்டர். அதான் இப்டி பேஜார் ஆவுது. இன்னொன்னு போட்டா அடங்கிடும்" என்றாள்.

இன்னொன்று என்றால், முதல் ஒன்றை எப்போது போட்டாள்? முக்கால் மணி நேரத்துக்கு முன்னால், என் கையால். நான் பர்வீனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். போன இரண்டு தடவையும் மூச்சு வாங்குவதற்கு முன்னால் இவளுக்கு மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டேன்.

"குடுத்தேன் சிஸ்டர். ரெண்டு வாட்டியும் நான் தான் குடுத்தேன். வலில துடிச்சா, பாவமா இருந்துச்சு" என்றாள்.

வாசனை தெரியாத மூக்கு, மாதாமாதம் வரும் இரைப்பு, அதற்கு முன்னால் ஒரு மாத்திரை. பத்துக்கு ஒன்பது வாங்கிய விடைத்தாள் இருபது வருஷம் கழித்து எழுந்து வந்து என் எதிரில் நின்றது. நான் பட்டறையை மூடிவிட்டேன், லூக்கோட்ரையீன் அவள் மூச்சை நெரித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் அப்போது வெறும் சந்தேகம்தான், நிச்சயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்குச் சமயத்தில் ஆஸ்துமா தானாகவே கூடுகிற பெண்களும் உண்டு. ஆனால் என் சந்தேகம் தப்பாகப் போனால் நஷ்டம் ஒரு மாத்திரை. சரியாக இருந்து நான் பேசாமல் இருந்தால் நஷ்டம் ஒரு ஆள். நெருக்கடியில் எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு இதுதான், நீங்களும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ரவுண்டு நெபுலைசர் ஓடும்போது ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நான் கூடப் போக முடியாது, மாற்று ஆள் வராமல் ஐந்நூறு பேரை விட்டுவிட்டு நர்ஸ் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. பர்வீனைத்தான் அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் இரக்கப்பட்டு யாராவது வலி ஊசி போடுவார்கள், நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். சீட்டு எழுதிக் கொடுத்தால் பதற்றத்தில் அது எங்கே போகுமோ. பர்வீனின் ஏப்ரன் பையில், தோலில் தையல் கோட்டுக்கு அடையாளம் போடும் சில்வர் பேனா நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி அம்சவேணியின் முன்கையில் பெரிதாக எழுதினேன்: வலி மாத்திரை, வலி ஊசி கூடாது. அவள் அந்த எழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவும் கேட்க அவளுக்கு மூச்சு இல்லை.

மாலை நாலு மணிக்குப் பர்வீன் போன் செய்தாள். இரைப்பு அடங்கிவிட்டது, தூங்குகிறாள் என்றாள். வயிற்று வலிக்கு ஊசி எடுத்துக்கொண்டு வந்த பெண், கையில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு ஊசியோடு திரும்பிப் போனாராம். நான் போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

பிறகு ரிஜிஸ்டர்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நோயாளி ரிஜிஸ்டரில் மூச்சிரைப்பு என்று அம்சவேணியின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மாத்திரை ரிஜிஸ்டரில் ஒரு இடத்தில்கூட இல்லை. அங்கே லைன் 3 இருந்தது, பத்து இருந்தது, பெண் இல்லை. காலையில் நானே கொடுத்த மாத்திரையையும் பழக்க தோஷத்தில் லைன் என்றுதான் எழுதியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் யாருக்கும் எதுவும் தெரியாது.

அதுதான் மறுநாள் எனக்குச் சோதனையாக வந்தது. ஹெச்.ஆர். ஆபீசர் ஒரு படிவத்தோடு வந்தார். நல்ல பையன், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். மூன்று தடவை ஆகிவிட்டது, தோல் வேலைக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் டாக்டரும் போட்டுவிடுவார், அவள் நல்லதுக்குத்தான் என்றார். அவருக்குத் தெரிந்த அளவில் அது நியாயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என்னால் முடிந்திருக்கும். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அம்சவேணி வீட்டுக்குப் போவாள், என் மேனேஜ்மென்ட் மூளை அப்படியே இருக்கும், அட்டை கொடுத்த கதை எவருக்கும் தெரியாது. எனக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருந்தது. பேனாவை நான் மூடித் திறந்து, மூடித் திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது உண்மை. டாக்டர் பார்க்கட்டும் என்று சொல்லிப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். அட்டை விஷயத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அம்சவேணியைக் கூப்பிட்டு, டார்ச் அடித்து மூக்கைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பக்கமும் உரித்த திராட்சை மாதிரி சதை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக வாசனை போனதற்கு அதுதான் காரணம். மூக்கில் இந்தச் சதை, ஆஸ்துமா, வலி மாத்திரை சாப்பிட்டால் இரைப்பு, இந்த மூன்றும் சேர்ந்தே வருகிற ஒரு கோளாறு உண்டு என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பாவம் சொல்யூஷன் மேல் பழி விழுந்திருந்தது.

அம்சவேணியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டர், வேலூருக்கு லெட்டர் எழுதுறேன், அங்க உறுதி பண்ணுவாங்க. ஆனா அதுவரைக்கும் இந்த ஃபாரம் காத்துக்கிட்டு இருக்காது. நிறுத்தணும்னா, இது வேலையால வரல, மாத்திரையால வந்துச்சுன்னு எழுதணும். எழுதினா, மாத்திரை யார் குடுத்தாங்கன்னு கேப்பாங்க" என்றார். எழுதச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. படிவத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். அந்த மனிதரிடம் நான் கற்றுக்கொண்டது மருத்துவம் மட்டுமில்லை.

நானே எழுதினேன். எந்தத் தேதியில் என்ன மாத்திரை, யார் சொல்லி யார் கொடுத்தது, எல்லாம். பர்வீன் நான் கொடுத்த மாத்திரையைத்தான் கொடுத்தாள் என்பதையும் சேர்த்து எழுதினேன், அவள் தலையில் விழுந்துவிடக் கூடாது. ஆபீசில் எல்லோர் முன்னிலையிலும் அதைப் படித்தார்கள். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மெமோ வந்தது. லைன் லீடர்களிடம் இருந்த அட்டைகளை அன்றே திரும்ப வாங்கினேன். அம்சவேணியை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது.

வேலூரில் டாக்டர் சொன்னதே உறுதியானது. மூச்சோடு இழுக்கும் மருந்து தினமும் எடுக்க வேண்டும், எந்த வலி மாத்திரையும் தொடக் கூடாது, தேவைப்பட்டால் வெறும் பாரசிட்டமால் அதுவும் குறைந்த அளவில் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டை லேமினேட் பண்ணி அவள் அடையாள அட்டைக்குப் பின்னால் மாட்டிவிட்டோம். மூக்கில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதத்தில் பழைய மிஷினில், ஒட்டுகிற மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரைப்பு வரவில்லை.

அவளிடம் நான் நேரில் சொல்லவே இல்லை. காகிதத்தில் எழுதினேன், ஆபீசில் ஒப்புக்கொண்டேன், அவளைப் பார்த்தால் மட்டும் வாய் வரவில்லை. ஆபீசில் ஒப்புக்கொள்வது சுலபம், அங்கே மேஜை நடுவில் இருக்கிறது. கடைசியில் ஒருநாள் காலை அவளே என் அறைக்கு வந்தாள். மாத்திரை ரிஜிஸ்டரில் பெயர் எழுதும் புது வழக்கம் வந்திருந்த சமயம். நான் பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டு, "அம்சா, அன்னிக்கு உனக்கு மூச்சு நின்னது என் கையால. அதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டியும் என் மாத்திரை தான். நீ என்னய ரெண்டு வார்த்தை திட்டினா கூட தகும்" என்றேன்.

அவள் திட்டவில்லை.

"நான் மாத்திரை கேக்கலியே சிஸ்டர்" என்றாள். "வலிக்குதுன்னு தான் சொன்னேன். ஒரு பத்து நிமிஷம் படுத்துக்கலாமான்னு கேக்க வந்தேன். அதுக்குள்ள கையில மாத்திரைய வச்சிட்டீங்க. பர்வீனக்காவும் அப்டி தான். எல்லாரும் நல்லதுக்கு தான் குடுத்தீங்க."

என் அறையில் இரண்டு கட்டில் உண்டு. ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக வெள்ளை விரிப்பை மடிப்புக் கலையாமல் போட்டு வைத்திருப்பேன். இன்றைக்கும் வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். விரிப்பை விலக்கி, சுடுதண்ணீர்ப் பையை நிரப்பிக் கொடுத்தேன். அவள் பக்கவாட்டில் சுருண்டு படுத்து, பையை அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பத்து நிமிஷத்தில் பர்வீன் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். மிஷின் நிற்கிறது, மேனேஜர் போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றாள். நான் எழுந்து போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நிக்கட்டும்" என்றேன். "இன்னும் இருவது நிமிஷம் ஆவும்."